பத்து நிமிஷ டீ

எனக்குக் கிடைத்த முதல் வேலை, பெண்கள் டீ குடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது. வேலைக்கான கடிதத்தில் அப்படிப் போட்டிருக்கவில்லை. 'மனிதவளப் பிரிவு உதவியாளர்' என்றுதான் இருந்தது. அம்மா அந்தக் கடிதத்தை ஒரு நாள் முழுக்க மாதா படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். மறுநாள் தெருவில் நாலு வீட்டுக்கு மக்ரூன் வாங்கிக் கொடுத்தாள். தோணியில் மாலத்தீவுக்குப் போயிருந்த அப்பா போனில், "ஆபீஸ் வேலைதானே? வெயில்ல நிக்க வேண்டாம்லா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

வெயிலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. இறாலைச் சுத்தம் செய்து, உறைய வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் போகிற ரோடு. வெளியே கண் கூசும் வெயில் அடித்தாலும், இறால் உரிக்கும் ஹாலுக்குள் ஏசியும் ஐஸும் சேர்ந்து வருஷம் முழுக்க மார்கழிதான். ஆபீஸ் மாடியில் இருந்தது. என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தால் சிமென்ட் முற்றமும், அதைத் தாண்டிக் கேன்டீனும் தெரியும்.

சேர்ந்த மூன்றாவது வாரம் மேனேஜர் சார் கூப்பிட்டார். கோவில்பட்டிக்காரர். ஐம்பது வயது இருக்கும், உருண்டையான உடம்பு. கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் ஒரே சத்தம்தான். எது வந்திருக்கிறது என்று தெரிய முகத்தைப் பார்க்க வேண்டும்.

"காலையில பத்து மணி டீக்குப் பத்து நிமிஷம். மதியத்துக்கு மேல மூணு மணிக்குப் பத்து நிமிஷம். மணியடிச்சா போகணும், மணியடிச்சா வரணும். ஆனா உரிக்கிற ஹால்ல இருக்கிற நாப்பது பேரும் இருபது நிமிஷம் கழிச்சுத்தான் மேசைக்கு வாராங்க. மெட்ராஸ் ஆபீஸ்ல கேக்காங்க. யார் யார் எவ்வளவு லேட்டுன்னு ஒரு வாரம் நின்னு எழுதிக் கொடு."

"அவங்ககிட்டச் சொல்லிட்டு எழுதட்டுமா சார்?"

"சொன்னா அந்த ஒரு வாரம் மட்டும் ஒழுங்கா வந்துருவாங்க. சொல்லாத."

மறுநாள் பத்து மணிக்கு ஒரு நோட்டும் போனுமாக ஹால் வாசலில் போய் நின்றேன். மணி அடித்ததும் போனில் நேரத்தை ஓட விட்டேன். வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகப் பெண்கள் வெளியே வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி இருந்ததால் யார் யார் என்று அடையாளம் காணவே கஷ்டப்பட்டேன். பதினாலாவது நிமிஷம் முதல் ஆள் திரும்பி வந்தாள். கடைசி ஆள் வரும்போது இருபத்திரண்டு ஆகியிருந்தது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிற டீச்சர் மாதிரி உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை இப்போது மறைப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாம் நாளே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தி என்னைத் தாண்டிப் போகும்போது, "எழுதிக்கோங்க மேடம், நான் வந்துட்டேன்" என்றாள். இன்னொருத்தி, "எனக்கு ரெண்டு நிமிசம் கொறச்சுப் போடுங்க, புண்ணியமாப் போகும்" என்றாள். பின்னால் வந்தவர்கள் மாஸ்க்குக்குள் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது, யார் சிரித்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் பெரியக்கா என் முன்னால் வந்து நின்றாள். ஹாலில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரியக்கா என்றதும் வயதானவள் என்று நினைக்க வேண்டாம், நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். திருச்செந்தூர் போகிற வழியில் ஒரு கடற்கரைக் கிராமம். வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகிறவர். இறால் உரிப்பதில் அவள் கைக்கு ஈடு அந்த ஹாலில் இல்லை. தலையைக் கிள்ளுவதை நாம் பார்ப்பதற்குள், உரித்த இறால் தட்டில் விழுந்திருக்கும்.

"என்ன எழுதுதிய மேடம்?"

"சும்மா. ஆபீஸ் வேலை."

"போன்ல நம்பர் ஓடிக்கிட்டு இருக்கே, அதுவும் ஆபீஸ் வேலையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். என் காது சூடாகிவிட்டது. அதற்கு மேல் பொய் சொல்ல வரவில்லை. "டீக்குப் போயிட்டு எத்தனை நிமிஷத்துல வாரிங்கன்னு எழுதச் சொன்னாங்க" என்றேன்.

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நோட்டை எட்டிப் பார்த்து, தன் பெயருக்கு நேரே இருந்ததைப் படித்தாள். "பதினெட்டு. சரியாத்தான் எழுதியிருக்கிய. எழுத வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா வாசல்ல நின்னா நாங்க போறதும் வாரதும்தான் தெரியும். நடுவுல என்ன நடக்குன்னு தெரியாதுல்லா? நாளைக்கு உள்ள வந்து எங்க கூட நில்லுங்க. மணியடிச்சா எங்க கூடவே டீக்கு வாங்க. அதையும் சேத்து எழுதுங்க."

ஹாலுக்குள் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து வருகிறேன் என்று சாரிடம் சொன்னேன். "போ, போ, பாத்துட்டு வா" என்றார்.

மறுநாள் எட்டு மணிக்கு எனக்கும் வெள்ளைக் கோட்டு மாட்டினார்கள். காதை மூடுகிற தொப்பி, மாஸ்க், முழங்காலுக்குக் கீழே வருகிற ரப்பர் ஏப்ரன், துணிக் கையுறை, அதற்கு மேல் ரப்பர் கையுறை, என் காலைவிட ஒரு சைஸ் பெரிய கம்பூட்ஸ். போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் சுவர்க் கடிகாரத்தை நம்ப வேண்டியதாயிற்று. பெரியக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். மேசையில் ஐஸும் இறாலும் குவிந்து கிடந்தன. அரை மணி நேரத்தில் விரல் நுனியில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. ஒரு மணி நேரத்தில் அதுவும் போய், விரல் இருப்பதே தெரியவில்லை. நான் உரித்த இறாலை பெரியக்கா தூக்கிப் பார்த்தாள்.

"மேடம், சதையெல்லாம் தோலோட போயிட்டு. மிச்சம் இருக்கது இறாலோட ஆவிதான்."

எதிர் மேசைவரை சிரிப்பு போனது. நானும் சிரித்தேன். சிரித்தால் கொஞ்சம் குளிர் குறைகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பத்து மணிக்கு மணி அடித்தது. முதலில் கையுறையைக் கழற்றி, குளோரின் தண்ணீரில் கழுவிக் கொக்கியில் மாட்ட வேண்டும். முதுகுப் பக்கம் கட்டியிருந்த ஏப்ரன் முடிச்சை அவிழ்க்க என் விரல் வளையவில்லை. பின்னால் நின்றவள் அவிழ்த்துவிட்டாள், நான் திரும்பி அவளுடையதை அவிழ்க்கப் பார்த்து இன்னும் இறுக்கிவிட்டேன். கம்பூட்ஸ் காலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உட்கார்ந்து கழற்ற ஒரு வாங்கு, பெஞ்சு எதுவும் கிடையாது. ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றோம். பிறகு கக்கூஸ். நாற்பது பேருக்கு இரண்டு. வரிசையில் நான் எட்டாவது ஆள். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போதே மறுபடியும் மணி அடித்தது.

"இது என்ன மணி?" என்று கேட்டேன்.

"உள்ள போற மணி" என்றாள் முன்னால் நின்றவள்.

"அப்ப டீ?"

"அதத்தான மேடம் மூணு நாளா நீங்க எழுதிக்கிட்டு இருக்கிய!"

வரிசை முழுக்கச் சிரித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்களும் உண்டு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரிப்பு. அந்தச் சிரிப்போடேதான் முற்றத்தைத் தாண்டிக் கேன்டீனுக்கு ஓடினோம்.

கேன்டீன் அண்ணாச்சி நாற்பது டம்ளரையும் வரிசையாக ஊற்றி வைத்திருந்தார். யாரும் உடனே குடிக்கவில்லை. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்தார்கள். ஒருத்தி கன்னத்தில் வைத்துக்கொண்டாள், ஒருத்தி காது மடலில். நானும் பிடித்தேன். சூடு மெதுவாக விரலுக்குள் இறங்கி, ஒவ்வொரு விரலாகத் திரும்பி வந்தது. வாசலில் நின்று மூன்று நாள் எழுதியதில் இது எங்கேயும் இல்லை. உட்கார்ந்தது நாலு நிமிஷம். திரும்பப் போகும்போது கோட்டில் ஒட்டிய முடியை உருளையால் உருட்டி எடுத்து, கம்பூட்ஸ் மாட்டி, கை கழுவி, குளோரின் தண்ணீரில் கால் நனைத்து மேசைக்கு வந்தபோது கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து. அன்றைக்கு ஹாலிலேயே கடைசி ஆள் நான்தான். "மேடம் பேரை மொத எழுதுங்க" என்று யாரோ கத்தினார்கள்.

அன்று சாயங்காலம் பெயர்ப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஒன்று எழுதினேன். முடிச்சு அவிழ்க்க இவ்வளவு, கம்பூட்ஸ் கழற்ற இவ்வளவு, வரிசையில் இவ்வளவு, டீக்கு நாலு. சார் அதை நின்றுகொண்டே படித்தார்.

"நீ புதுசு. பூட்ஸ் போட்டுப் பழக்கமில்ல. அதான் இவ்வளவு நேரம்."

"பழக்கம் இருக்கிற நாப்பது பேருக்குமே இருபது நிமிஷம் ஆகுதே சார்." எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"முடியும்மா! மனசு வச்சாப் பத்து நிமிஷத்துல முடியும். சனிக்கிழமை நானே வந்து செஞ்சு காட்டுதேன், பாரு."

வேகத்தில் சொன்னதுதான். ஆனால் நான் அதைக் கீழே போய்ச் சொல்லிவிட்டேன். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஐஸ் லாரி டிரைவர் வரைக்கும் தெரிந்துவிட்டது. "சார் நம்ம கூட இறால் உரிக்க வாராவளாம்!" என்று ஹாலில் ஒரே கொண்டாட்டம். சாருக்குப் பின்வாங்க வழியில்லை. அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அவர் பின்வாங்கப் பார்க்கவும் இல்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்துவிட்டார். இருப்பதிலேயே பெரிய ஏப்ரனும் அவர் முதுகில் ஒரு முடிச்சுப் போட மட்டும்தான் எட்டியது. பெரியக்காவுக்கும் எனக்கும் நடுவில் நின்று இரண்டு மணி நேரம் உரித்தார். முதல் ஒரு மணி நேரம் சத்தமாகப் பேசிக்கொண்டே இருந்தார். அப்புறம் பேச்சு குறைந்தது. ஒன்பதரைக்கு மேல் கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

மணி அடித்ததும் ஓடினார். நாற்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "சார்! ஓடக் கூடாது! நீங்க ஒட்டுன நோட்டீஸ்!"

ஈரத் தரையில் ஓடாதீர்கள் என்று அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டியது சுவரில் இருந்தது. அதைப் பார்த்தார், நின்றார், பிறகு வாத்து மாதிரி வேகமாக நடந்தார். கம்பூட்ஸ் வரவில்லை. ஐஸ் லாரி டிரைவர் வந்து பிடித்து இழுத்தார். சாக்ஸோடு சேர்ந்து பூட்ஸ் கையோடு வந்ததில் அவர் ஒரு பக்கம், சார் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்து, ஆண்கள் கக்கூஸ் காலியாக இருப்பதைப் பார்த்து சார் அந்தப் பக்கம் போனார். பெரியக்கா குறுக்கே போய் நின்றாள்.

"சார், எங்க வரிசையில உங்களுக்கு எட்டாவது எடம். முன்னால ஏழு பேர் நிக்காவ."

"இங்கன யாரும் இல்லயேம்மா!"

"நிக்கதா நினைச்சுக்கிடுங்க சார்."

சார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஆளில்லாத கக்கூஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்து வரிசையில் ஒருத்தி உள்ளே போய் வரும்போதெல்லாம் எல்லாரும் சேர்ந்து, "ஒருத்தர் போயாச்சு சார்! ரெண்டு பேர் போயாச்சு!" என்று கூவினார்கள். நாலாவது ஆள் போயிருக்கும்போது உள்ளே போகிற மணி அடித்தது. சார் அண்ணாந்து மணியைப் பார்த்த பார்வையை வரைந்து வைக்க எனக்குத் தெரியாமல் போயிற்று.

கேன்டீனில் அண்ணாச்சி அவருக்கென்று தனியாக ஆற்றிய டீ வைத்திருந்தார். சீக்கிரம் குடிக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். சார் அதை வாங்கவில்லை. "சூடா இருக்கதக் கொடுங்க" என்று எங்கள் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் குரலை மெதுவாக நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"கை மரத்தே போச்சும்மா."

"ரெண்டு மணி நேரந்தான சார்" என்றாள் பெரியக்கா. குத்திக் காட்டுகிற மாதிரி இல்லை, குழந்தையிடம் சொல்கிற மாதிரி. "குடிங்க, சரியாப் போகும்."

குடித்து முடித்துவிட்டு அவர், "அண்ணாச்சி, இன்னொன்னு கிடைக்குமா?" என்று கேட்டார். கேன்டீன் தகரம் அதிரச் சிரித்தோம். அவரும்தான். முகத்தைப் பார்க்காமலே அது சிரிப்புத்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

திங்கட்கிழமை மாடியில் அவர் மெட்ராஸ் ஆபீசோடு போனில் பேசியது முற்றம் வரைக்கும் கேட்டது. "நான் நின்னு பாத்துட்டுத்தான் சொல்லுதேன்! நீங்க வந்து ஒரு நாள் நில்லுங்க, அப்புறம் பேசலாம்!" அவர்கள் பன்னிரண்டு நிமிஷம் என்றார்கள். சார் பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டார். அதுவும் மணியிலிருந்து அல்ல, கேன்டீனில் உட்கார்ந்ததிலிருந்து. இருபது இருபது பேராக இரண்டு பிரிவு. கம்பூட்ஸ் கழற்றும் இடத்தில் நீளமாக ஒரு வாங்கு வந்தது. புதுக் கக்கூஸ் இரண்டு கட்டி முடிக்க மூன்று மாதம் ஆனது, கொத்தனார் அடிக்கடி காணாமல் போனதால். என்னிடம் யாரும் பெயர்ப் பட்டியல் கேட்கவில்லை.

நான் இரண்டாவது பிரிவோடு டீக்குப் போகத் தொடங்கினேன். என் பெயர் 'மேடம்' என்பதிலிருந்து, வீட்டுப் பெண்களை உரிமையோடு கூப்பிடுகிற 'ஏளா' ஆகிவிட்டது. பதினைந்து நிமிஷத்தில் ஒருத்தி தலை சாய்த்துத் தூங்குவாள், ஒருத்தி பிள்ளைக்குப் போன் பண்ணுவாள். பனங்கிழங்கு வருகிற மாதத்தில் மேசை முழுக்க நார் கிடக்கும். ஒரு நாள் பெரியக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டு, முற்றத்தில் நின்ற என் ஸ்கூட்டியைக் காட்டினாள்.

"ஏளா, எனக்கு இத ஓட்டச் சொல்லித் தாறியா?"

"எதுக்குக்கா? கம்பெனி பஸ் இருக்கே."

"எதுக்குன்னு கேட்டா என்ன சொல்ல? ஆசையா இருக்கு. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து தினமும் ஐந்து நிமிஷம் டீ, பத்து நிமிஷம் ஸ்கூட்டி. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் ஏறி உட்காருவாள். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவேன். இரண்டு பக்கமும் ஏழெட்டுப் பேர், "நேரப் பாருக்கா! கீழ பாக்காத!" என்று கத்திக்கொண்டு ஓடி வருவார்கள். இறால் உரிப்பதில் தப்பாத அந்தக் கை, ஸ்கூட்டியைப் பிடித்ததும் வண்டியை முற்றம் முழுக்க வளைத்து வளைத்துக் கொண்டுபோகும். அண்ணாச்சி தன் கறிவேப்பிலைச் செடியைச் சுற்றிச் செங்கல் அடுக்கினார். சார் தன் காரைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்.

மூன்றாவது வாரம் நான் சொல்லாமல் கையை விட்டுவிட்டேன். அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஐஸ் லாரியை ஒரு சுற்று சுற்றினாள். நாங்கள் கை தட்டினோம். இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில்தான் புரிந்தது, அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. "ஏளா! எப்பிடி நிப்பாட்ட!" என்று கேட்டுக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனாள். மாடி ஜன்னலிலிருந்து சார் ஊருக்கே கேட்கிற சத்தத்தில், "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்தினார். உடனே ஹால் கதவு திறந்து முதல் பிரிவிலிருந்து இரண்டு பேர் ஏப்ரனை அவிழ்த்தபடி வெளியே வந்தார்கள். "இன்னொரு பிரேக்கு விட்டிருக்காவளா?"

பெரியக்கா சிரித்த சிரிப்பில் கை தளர்ந்து வண்டி தானாகவே மெதுவானது. இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிறுத்தினாள். இறங்கி வந்து, இறால் வாசத்தோடு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

அவள் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. போன தீபாவளிக்குப் பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கிவிட்டாள். என் வண்டி மெக்கானிக்கிடம் போகிற நாளில் ரோட்டு முக்கில் எனக்காக நிற்பாள். பின்னால் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொள்வேன். உப்பளத்துக் காற்று முகத்தில் அடிக்கும். கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டுகிறாள். மெதுவாப் போக்கா என்று நான் சொல்வதில்லை.